ஏழு மாடுகளின் அலங்காரம்

வறட்சி நிவாரணத்துக்கு மாடு பார்க்க ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் அந்த மாட்டுக்காரம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. நிவாரணம் கிடைத்தால் தீவனம். கிடைக்காவிட்டால் மறுநாள் காலையிலேயே வியாபாரி வந்து ஏழையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்காரர் அவனுக்குச் சொல்லியும் விட்டார்.

அதற்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா, கண்ணுகளா? ஒரே வாளித் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து ஏழு மாட்டையும் பளபளவென்று துடைத்தாள். கொம்புக்கு எண்ணெய் தடவினாள். ஒரு வாரத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த தவிட்டை மொத்தமாகக் கரைத்து ஊற்றினாள். ஏழு வயிறும் பானைபோல் உப்பின.

"என்ன அண்ணி, மாடுங்களுக்குக் கல்யாணமா?" என்றாள் நாத்தனார்.

"வர்றவர் முன்னாடி அழுக்கா நிறுத்தச் சொல்றியா? நம்ம மானம் என்னாகும்?"

ஆய்வாளர் வந்தார். மாடுகளைச் சுற்றி வந்தார். சண்டைக்காரி என்று பேர் வாங்கிய செவலைகூட அன்றைக்குப் பார்த்துச் சமர்த்தாக நின்றது.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியா?" என்று நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஆனா நிவாரணம் மெலிஞ்ச மாட்டுக்குத்தாம்மா. இதுங்க என்னைவிடக் கொழுகொழுன்னு இருக்கே! நான் என்னன்னு எழுதுறது?"

மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போனது. காலியான தவிட்டுப் பானையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெயில் கொல்லுது. நிழல்ல நின்னு எழுதிக்கிறேன்" என்று ஆய்வாளர் கொட்டகைக்குள் நுழைந்தார். உள்ளேயும் அதே வெயில் உச்சந்தலையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். வெறும் மூங்கில், அதற்கு மேலே வானம்.

"எங்கம்மா கூரை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுங்கதான் சார்... தின்னுடுச்சுங்க."

"கூரையையா?"

"போன மாசத்துல இருந்து தினம் ரெண்டு கத்தை வைக்கோல் உருவிப் போட்டோம் சார்" என்று நாத்தனார் போட்டு உடைத்தாள். "நேத்து கடைசிக் கத்தை. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு அண்ணி தவிட்டுப் பானையையும் கவுத்துட்டாங்க. நீங்க பாத்தது மாடு இல்ல, தண்ணி வயிறு!"

ஆய்வாளர் சிரிக்கவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் செவலையின் மார்பைச் சுற்றினார். வயிறு ஏமாற்றும், விலா எலும்பு ஏமாற்றாது. ஒவ்வொரு மாட்டிலும் நாடா முடிச்சுப் போடும் அளவுக்கு மிஞ்சியது. ஏழு முறை 'மெலிந்தது' என்று எழுதினார். அதன் பிறகுதான் சிரித்தார்.

"அடுத்த தடவை யாராவது பாக்க வந்தா அழுக்காவே நிறுத்துங்கம்மா, புண்ணியமாப் போகும்!"

மறுநாள் வந்த வியாபாரி வெறுங்கையோடு திரும்பினான். மூன்றாம் நாளே நிவாரணம் வந்தது. அன்றைக்கே ஒரு வண்டி வைக்கோலும் வந்தது.

"பாதியைக் கூரைக்குப் போடலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"முதல்ல வயித்துக்கு."

"மழை பெஞ்சா எல்லாம் நனையுமே!"

செவலையின் வாயில் ஒரு கை வைக்கோலைத் திணித்தபடி அவள் வானத்தைப் பார்த்தாள்.

"பெய்யட்டுமே! ஆசை தீர நனையலாம்."