சுமார் பத்து சதவீதம்

கோர்ட் வராந்தா பெஞ்சில் இளவரசியும் சாந்தகுமாரியும் காலை பத்து மணியிலிருந்து காத்திருந்தார்கள். தில்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பை இடித்தபின் ஊர்க்கோடி நரேலாவுக்குப் போன சாந்தகுமாரி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஓக்லா தொழிற்பேட்டையில் இளவரசி வைத்திருந்த ஷெட்டில் கலவை கிளறிய கை அவளுடையது. ஷெட்டைப் பூட்டி நாலு மாதமாகியும் விரலிடுக்கு வெடிப்புகள் ஆறவில்லை.

மொட்டைமாடி விரிசலை அடைக்கும் கலவை அது. ஒரு கம்பெனி லேபில் எட்டு வருஷம் கெமிஸ்டாக இருந்தபோது இளவரசிதான் அதை உருவாக்கினாள். காப்புரிமை கம்பெனிக்குப் போனது; கண்டுபிடித்தவர் என்று இவள் பெயர் மட்டும் இருந்தது. ஆள்குறைப்பில் வேலை போனதும் ஷெட் பிடித்து, நாலு பெண்களோடு தொழிலை ஆரம்பித்தாள். காப்புரிமையில் ரப்பர் தூள் ‘சுமார் பத்து சதவீதம்’. காப்புரிமைக்குள் வந்துவிடக் கூடாதென்று இவள் பன்னிரண்டு போட்டாள். கம்பெனி தடை வாங்கியது. இன்று இவளுடைய மேல்முறையீடு.

வக்கீல் சுந்தரேஷ் கோப்போடு வந்தார்.

"எல்லாம் அந்த ‘சுமார்’லதான் இருக்கு, இளவரசி. பன்னண்டு அதுக்குள்ள வராதுன்னு ஆர்க்யூ பண்றேன். ஆனா உங்க பழைய லேப் நோட்டை அவா தாக்கல் பண்ணியிருக்காளே."

"அதுல பொய் எதுவும் எழுதலையே, சார்."

"அதான் பிரச்சனையே."

விசாரணை இருபது நிமிடம்தான். எதிர்த்தரப்பு சீனியர் நோட்டிலிருந்து ஒரு வரியைப் படித்தார்: ‘பன்னிரண்டிலும் அதே பிடிப்பு, அதே நீர்த்தடுப்பு.’ ‘சுமார்’ என்றால் எதுவரை என்று, கலவையைக் கண்டுபிடித்தவரே எழுதிவைத்திருக்கிறார் என்றார். கையெழுத்து அவருடையதுதானா என்று நீதிபதி கேட்க, சுந்தரேஷ் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் இளவரசி ஆமென்று தலையசைத்தாள். அந்த வரியை எழுதிய நாளில் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்திருந்தாள்.

பன்னிரண்டும் ‘சுமார் பத்து’தான் என்று தீர்ப்பானது. தடை நீடித்தது.

"ஷெட்டைத் தொறக்கலாமா மேடம்?" கோர்ட் வாசலுக்கு வெளியே வந்ததும் சாந்தகுமாரி கேட்டாள்.

"முடியாது சாந்தா."

"தூளைக் கொறைச்சுப் போட்டா?"

"கொறைச்சா அப்படியே அவங்களோடது."

"கூடப் போட்டா?"

"பதினஞ்சு போட்டா ஒட்டாது. ஒரே மழையில உரிஞ்சுடும்."

கம்பெனியின் ஜூனியர் வக்கீல் ஓடிவந்தான். "மேடம், ஏக் மினிட்." வெளிநாட்டிலும் அதே கலவைக்குக் காப்புரிமை கேட்டு முன்பே விண்ணப்பித்திருக்கிறார்களாம். இப்போது கண்டுபிடித்தவர் கையெழுத்து வேண்டுமாம்.

"நான் எதுக்கு சார் போடணும்?" கூடவே வந்த சுந்தரேஷிடம் இளவரசி கேட்டாள்.

சுந்தரேஷ் காகிதத்தைப் புரட்டினார். "வேலையை விட்டாலும் போட்டாகணும்னு உங்க கான்ட்ராக்ட்ல இருக்கு. மறுத்தா அதுக்கு வேற கேஸ் போடுவா."

"மூணு இடத்துல. ஜல்தி, மேடம்," என்று அந்தப் பையன் இந்தியில் அவசரப்படுத்தினான்.

நடைபாதையில் காகிதத்தை வைக்க இடமில்லை. சாந்தகுமாரி திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தாள். பேனா அழுந்தியபோதெல்லாம் அந்த முதுகு லேசாக நெளிந்தது.