ஒரு வார்த்தை அதிகம்

ஆபீஸ் பரீட்சையில் இங்கிலீஷ் கட்டுரை வைத்தீஸ்வரனை இரண்டு தடவை கவிழ்த்திருந்தது. மூன்றாவது தடவையும் போனால் கல்கத்தா உத்தியோகம் நிலைக்காது. மனைவி நாகலக்ஷ்மியை அழைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். திரும்புவதென்றால் அதே ரயில். அந்த ரயிலில் இந்த ஜன்மத்தில் கால் வைக்கமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். இங்கே வரும் வழியில் அவர்களுடைய மூன்று வயதுப் பிள்ளை மஹாதேவன் ஜுரம் கண்டு அந்த ரயிலிலேயே போய்விட்டான். அன்று முதல் அந்தப் பெயரை வீட்டில் இரண்டு பேருமே எடுத்ததில்லை.

பவானிப்பூரில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவன் பட்டாபிராமன். அதே ஆபீஸ், அதே வயது, முதல் தடவையிலேயே தேறியவன். மழை விடாத அந்த ஆவணி மாதம் முழுக்க வைத்தீஸ்வரனின் கட்டுரைகளைச் சிவப்புப் பென்சிலால் வெட்டித் தள்ளினான்.

"ஓய், இது கட்டுரையா, கல்யாணப் பத்திரிகையா? சப்ஜெக்ட் நம்ம வாசல்லே நிக்கறது, வெர்ப் காளிகாட்டுக்குப் போயிடுத்து."

ஒரு வாக்கியத்துக்கு ஒரு சேதி போதும், சொன்னதையே திருப்பிச் சொல்லக்கூடாது, எடுத்தாலும் அர்த்தம் குறையாத வார்த்தையை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவன் சட்டம்.

ஒருநாள் ரயில் பிரயாணத்தைப் பற்றி எழுதச் சொன்னான். வைத்தீஸ்வரனுக்குத் தெரிந்த பிரயாணம் ஒன்றுதான். 'எங்கள் குலவிளக்கான அருமைப் புத்திரன் மஹாதேவன், நிலையற்ற இவ்வுலகை நீத்து, எங்களை ஆறாத் துயரக் கடலில் ஆழ்த்தி' என்று இங்கிலீஷில் அரைப் பக்கத்துக்கு நீட்டியிருந்தார். படித்துவிட்டுப் பட்டாபிராமன் பென்சிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு குலவிளக்கை அடித்தான். உலகத்தையும் கடலையும் அடித்தான். கொஞ்சம் யோசித்துப் பெயரையும் அடித்தான். மிஞ்சியதை இரண்டு சின்ன வாக்கியங்களாக ஆக்கினான்.

"இதுக்கு மேல ஒரு வார்த்தைகூட அதிகம், ஓய்," என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பரீட்சையில் பிரயாணத்தையே கேட்டுவிட்டார்கள். வைத்தீஸ்வரன் அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதினார். தேறினார்.

சேதி வந்த சாயங்காலம், இனி ரயிலேற வேண்டாம் என்றதும் நாகலக்ஷ்மியின் முகம் சற்றுத் தெளிந்தது. காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அப்படி என்னதான் எழுதினேள்?" என்றாள். மழுப்பிவிடலாம் என்று பார்த்தார். ஆனால் எழுதியது அவளுடையதும்தானே.

"மூணு பேரா கிளம்பினோம். ரெண்டு பேரா வந்து சேர்ந்தோம்."

இன்னும் ஏதோ வரப்போகிறதென்று அவள் காத்திருந்தாள்.

"கொழந்தை பேரை எழுதலையா?"

"அது இல்லாமலே புரியறதாம்."

"யாருக்கு?"

அவள் உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் நின்றது. சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், அந்தப் பெயரை முழுசாக, ஒரே ஒரு தரம் அவள் சொன்னது கூடத்துக்குக் கேட்டது.