சோத்துக்கை

“அந்தக் கைய எடுட்டி!”

பொங்கல் கிண்ணத்தை நோக்கி நீண்ட மருமகள் சங்கரம்மாளின் வலக்கையை முப்பிடாதியம்மாள் பட்டென்று தட்டிவிட்டாள். பண்பொழி மலைமேல், குமாரசாமி சன்னிதிக்கு வெளியே, பேரனுக்கு முதற்சோறு ஊட்ட வந்த சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. “தங்கத்தாயி, அத்தைக்காரி நீ ஊட்டு. இவ கை ஆவாது.”

சங்கரம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்தப் பிள்ளை மலத்துவாரமே இல்லாமல் பிறந்தவன். மூன்றாம் நாள் வயிறு உப்பி, குடித்த பாலெல்லாம் பச்சையாய்க் கக்கியபோது, துணியை விலக்கிப் பார்த்தவள் மருத்துவச்சி மாடத்தி ஒருத்திதான். “தாயீ, வழியே இல்லையே!” என்று அலறினாள்.

“சாமி அடைச்சதத் தொறக்க நாம யாரு? தீட்டு கழியாம வாசப்படி தாண்டப்படாது” என்றாள் மாமியார். சாமியாம், தீட்டாம்! பிள்ளை செத்தாலும் வாசற்படி சுத்தமாக இருந்தால் போதும் இவர்களுக்கு. பச்சை உடம்புக்காரி சங்கரம்மாள் பிள்ளையை அள்ளிக்கொண்டு மாடத்தியோடு தென்காசியில் ரயிலேறினாள்.

பாளையங்கோட்டையில் வெள்ளைக்கார டாக்டரம்மா தடவிப் பார்த்து, தோல்தான் மூடியிருக்கிறது என்று கீறி வழி திறந்தாள். அதோடு தீரவில்லை. ஒரு வருஷம் தினமும் நகம் வெட்டிய சுண்டுவிரலில் எண்ணெய் தடவி உள்ளே விட்டு விரிக்க வேண்டும். விட்டால் சுருங்கி மூடிக்கொள்ளும் என்றாள். சங்கரம்மாளுக்குப் பீச்சாங்கை நடுங்கியது. “நடுங்காத கை எதுவோ அதால செய்” என்றாள் டாக்டரம்மா.

நடுங்காதது சோத்துக்கை. அதுதான் குற்றமாகிப் போயிற்று. “சோறு திங்குத கைய அங்கன விடுதாளே!” என்று வீடே மூக்கைப் பொத்தியது. அடுப்படி கூடாது, தண்ணீர்ப்பானை கூடாது, கொல்லைப்புறத்தில் தனித்தட்டு. சவுக்காரம் போட்டு எத்தனை தரம் கழுவினால் என்ன! புருஷன் நம்பிராஜன் வாயில் கொழுக்கட்டை. பிள்ளையை மட்டும் ‘எங்க குலக்கொழுந்து’ என்று ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்சினார்கள்.

தங்கத்தாய் கிண்ணத்தைத் தொடுமுன் சங்கரம்மாள் ஒரு வாய் பொங்கலை எடுத்துவிட்டாள், அதே கையால். பிள்ளையின் வாயில் வைத்தாள். அவன் சப்புக்கொட்டித் தின்றான்.

“ஏட்டி, கோயில்ல வச்சு என்ன காரியம் பண்ணுத!”

“இந்தக் கை இல்லேன்னா, இவன் தின்ன சோறு எங்கன போவும் அத்தை?”

சங்கரம்மாள் நிதானமாக அடுத்த வாய் எடுத்தாள்.

“என் கை ஆவாதுன்னா சரி. நாளையிலேருந்து நான் அடுப்படியப் பாத்துக்கிடுதேன். எண்ணெய்க் கிண்ணத்த நீங்க எடுங்க. உங்க குலக்கொழுந்துதானே?”

முப்பிடாதியம்மாள் தன் வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.