விசைத்தட்டில் நின்றவர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பூஜ்யத்தில்தான் தொடங்கும். தரையில் பதித்த, மிதிப்பவரின் பாரத்தை அளக்கும் விசைத்தட்டின் மேல் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியில் தட்டின் மேல் எவ்வளவு பாரம் இருந்தாலும் கருவி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஆள் நிற்கும்போது அழுத்தித் தொலைத்தால், அவர் இறங்கியதும் திரை அவருடைய எடையை மைனஸில் காட்டும். புது மாணவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அடிக்கும் கூத்து இது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேராசிரியர் ரோடா ஃப்ரீசனின் கணவர் ஹார்லன் நவம்பரில் இறந்துபோனார். உடம்பின் அசைவைப் படிக்கும் பயோமெக்கானிக்ஸ் பாடத்தின் முதல் வகுப்பில் வருடா வருடம் நடந்து காட்டியவர் அவர்தான். இடது இடுப்பு தேய்ந்தவர். சும்மா நின்றாலும் வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்பார். ஜனவரியில் கூடத்தைத் திறந்தபோது, வெறும் தட்டு எழுபத்தொரு கிலோ காட்டியது.

கனடாவில் எங்கள் சாஸ்கட்டூன் குளிரில் கருவி மக்கர் செய்வது புதிதல்ல. ஆனால் மக்கர் என்றால் திரையில் பாரத்தைக் காட்டும் கோடு நேராகப் போகும். இது மெல்ல ஆடியது. அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டு நாம் எல்லாரும் ஆடுவோமே, அப்படி. பாரம் விழும் புள்ளியும் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

ரோடா அன்றிலிருந்து தட்டின் பக்கத்தில் உட்கார்ந்துதான் மதியம் சாண்ட்விச் தின்றாள். பொத்தானைத் தொடாதே என்று கெஞ்சினாள். அழுத்தினால் அவர் ஒரேயடியாகப் போய்விடுவார் என்று பயந்தாள். படித்தவள் பேசுகிற பேச்சா என்று கத்தினேன். ஆனாலும் நான் தொடவில்லை.

முதல் வகுப்பு வந்துவிட்டது.

"அழுத்தறேன் ரோடா. பிள்ளைங்க வெளிய நிக்குதுங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எண் பூஜ்யமானது. கோடு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"இப்ப நிம்மதியா வெர்ன் உனக்கு?" என்றாள்.

பாடத்தை ஒப்பித்தாள். அசையாத உடம்பைப் பற்றிப் பேசுவது நிலையியல், அசையும் உடம்பைப் பற்றிப் பேசுவது இயக்கவியல் என்றாள். ஹார்லன் நடந்த போன வருடப் பதிவை ஓடவிட்டாள். கறுப்புத் திரையில், அவர் மூட்டுகளில் ஒட்டியிருந்த குறிகள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக நொண்டி நொண்டி நடந்தன.

"இது கைனமாட்டிக்ஸ். எப்படி நடக்கறார்னுதான் சொல்லும். எந்த விசை நடக்க வைக்குதுன்னு சொல்லாது. அது கைனட்டிக்ஸோட வேலை."

பதிவைப் பாதியில் நிறுத்தினாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டாள்.

குளிர்கால மேல்கோட்டை மாட்டிக்கொண்டு தட்டின் அருகே வந்தாள். "ஹார்லன், நான் வீட்டுக்குப் போறேன். வர்றதுன்னா வா."

போய்ப் பின்கதவைத் திறந்தாள். வெளியே மைனஸ் முப்பது டிகிரி. அந்தக் குளிரில் எங்கள் ஊரில் யாரும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் திரையில் கோடு நடுங்கி, சரேலென்று கீழே இறங்கியது.

"எவ்வளவு காட்டுது?" என்றாள், திரும்பாமலே.

"மைனஸ் எழுபத்தொண்ணு."

இடுப்பு தேய்ந்த ஒரு மனிதர் அந்த அறையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்திக்கொண்டு போனாள்.