ரஜனி மூன்று தரம் சொன்னது

பழனியம்மாவின் அழைப்பு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தை வாசலில் அம்மாவுக்கு முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஹம்சிகா மிஸ்ஸுங்களா? நான் ரஜனியோட அம்மா, பொகவந்தலாவையிலருந்து பேசுறேங்க. புள்ள வூட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. அன்னைக்கிப் பொலிஸ்ல நீங்கதான் பக்கத்துல இருந்தீங்கன்னு அந்த வூட்டுல சொன்னாங்க; நம்பரு புள்ளயோட பையில இருந்துச்சு. எம்புள்ள அங்க என்னாங்க சொன்னுச்சு?"

"பஸ்ஸுக்குள்ள நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வெட்டிவிட்டேன். பஸ்ஸாம்! முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தலையிடி என்று அம்மாவுக்கும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பொய் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ரஜனி என்ன சொன்னாள் என்று அவளைத் தவிர்த்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் இனி வாயே திறக்காவிட்டால் அது என்னோடு முடிந்துவிடும்.

நாங்கள் பதினொரு பேர். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் வெயிலில் காய்ந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போய், அவர்கள் கையிலிருந்த சிங்களப் படிவங்களை வாசித்துக் காட்டத் தொடங்கி, அப்படியே ஒரு குழுவாகிவிட்டோம். பெயர் 'கூட வருவோம்'. தமிழ் மட்டும் தெரிந்தவர்களோடு பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் போவோம். அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்கு மேலே கூடி, அந்தக் கிழமை கேட்டதையெல்லாம் ஒருவருக்கொருவர் கொட்டி, அழ வேண்டியதை அழுதுவிட்டுக் கலைவோம். தொடக்கியவன் கிருபாகரன். அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: 'இவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி நான் யார் யாராகவெல்லாமோ இருந்திருக்கிறேன். ஒருகொடவத்தையில் கொள்கலனுக்கு அடியில் கால் நசுங்கிய தொழிலாளி. மாளிகாவத்தை மாடியில் தண்ணீர் வெட்டப்பட்ட ஐந்து பிள்ளைகளின் தகப்பன். சிரிப்பு வராது, உண்மையாகவே கால் வலிப்பது போலிருக்கும்.

அன்றைக்கு 'நான்' பத்தொன்பது வயது வீட்டு வேலைக்காரி. வெள்ளவத்தையில் தில்லைநாதன் என்பவரின் வீட்டில் வேலைக்கு நின்ற ரஜனி, கடைக்குப் பாண் வாங்க வந்த வழியில் எங்கள் நம்பருக்கு எடுத்திருந்தாள். பொலிஸ் நிலையத்தில் வயதான சார்ஜன்ட் ஒருவர். நல்ல மனிதர், என்னை 'துவ' என்று மகளாகவே கூப்பிடுபவர். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுப் பேனாவை எடுத்தார். ரஜனி குனிந்தபடி சொன்னாள்.

"ராவுல ஐயா வந்து பக்கத்துல படுத்துக்கிறாருங்க. என் ரூமு கதவுக்குக் கொண்டி இல்லங்க."

"மம…" என்று தொடங்கினேன். சிங்களத்தில் 'நான்' அதுதான். அதற்குமேல் வாய் வரவில்லை. என் அப்பாவின் வயதுள்ள மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசையில் இரண்டு இளம் பொலிஸ்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், என் வாயால், என் பக்கத்தில் வந்து படுக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வேன்? "எனக்கு இரவில் நித்திரை கொள்ள முடிவதில்லை" என்றேன்.

"வேலை கூடவா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார் சார்ஜன்ட்.

ரஜனி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் வராது. ஆனால் இப்படியொன்றைக் கேட்ட முகம் இப்படி இராது என்று தெரியாதா? மறுபடி சொன்னாள். நான் மறுபடி நித்திரையைச் சொன்னேன். மூன்றாம் தரம் அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஓம் ஓம், எல்லாம் சொல்லியாச்சு" என்றேன். சீ, என்ன பிறவி நான்!

கால் மணித்தியாலத்தில் தில்லைநாதன் வந்தார். நெற்றியில் திருநீறு, மடிப்புக் குலையாத சேர்ட். "எங்கட பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறம்" என்றார். நான் எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார். அப்பாவைத் தெரியும் என்றார். நான் எழும்பி அவருக்குக் கதிரை கொடுத்தேன். கோயிலில் கண்டால் கும்பிட்டிருப்பேன். வேலையைக் குறைக்கிறேன், சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்று அவர் சொல்ல, சார்ஜன்ட் சமாதானமாக எழுதி முடித்தார். ரஜனி கையெழுத்து வைத்துவிட்டுத் தில்லைநாதனின் காரின் பின் இருக்கையில் ஏறிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் "சம்பளப் பிரச்சினை, முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னேன்.

முடிந்ததா? எந்தக் கந்தோரில் போய் 'மம' என்று தொடங்கினாலும் அடுத்து அவளுடைய சொற்கள்தான் தொண்டைக்கு வந்து நின்றன. தண்ணீர்க் கட்டணம் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் கொண்டி இல்லாத கதவு வந்தது. குளிக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் நாலாம் தரம் சொல்லுவாள். திரும்பிப் பார்ப்பேன், பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று பயந்தேன். இப்படியே இரண்டு மாதம் போனபிறகுதான் பழனியம்மா எடுத்தார்.

அந்த ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் சொல்லல நீ?" என்றான் கிருபாகரன். அவனும் மலைநாட்டிலிருந்து வந்தவன். சத்தம் போட்டுக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வெக்கமா இருந்தது."

"ஒனக்கே வெக்கமெண்டா, அந்தப் புள்ளக்கி எப்புடி இருந்திரிக்கும்?" என்றாள் எங்கள் குழுவின் ஸமீமா. அதைச் சொல்லிவிட்டு, எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

இனி அந்த நிலையத்தில் எங்களை நம்ப மாட்டார்கள், வாசலோடு திருப்பி அனுப்புவார்கள் என்று யாரோ சொன்னார்கள். "அனுப்பட்டும்" என்றான் கிருபாகரன். "மொதல்ல ரஜனிகிட்ட கேளு. அவ சரின்னா மட்டுந்தான் போகணும்."

பழனியம்மா போனை மகளின் காதில் வைத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"ரஜனி, நீங்கள் சொன்னதை நான் அங்க சொல்லேல்லை. பிழை என்ரதான். இப்ப போய்ச் சொல்லட்டே?"

பிறகு, "ம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஸமீமா என்னோடு வந்தாள். இரண்டு வருடம் ஊருக்கெல்லாம் கூடப் போன எனக்கு ஓர் ஆள் கூட வந்தது அன்றைக்குத்தான். அதே சார்ஜன்ட். நான் 'மம' என்று தொடங்கி, ரஜனி சொன்னபடியே, ஒரு சொல் குறையாமல் சொன்னேன். இடையில் நிறுத்தவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்றைக்கு இதைச் சொன்னாளா?"

"மூன்று தரம்."

அவர் என்னைத் 'துவ' என்று கூப்பிடவில்லை. பழைய புத்தகத்தைப் புரட்டித் தில்லைநாதனின் வீட்டு இலக்கத்தைத் தேடி எடுத்தார். ஆள் வீட்டில் இருக்கிறாரா பார்ப்போம் என்று மேசைத் தொலைபேசியைச் சுழற்றினார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்டார். நெற்றி சுருங்கியது. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"தமிழ்ப் பிள்ளை யாரோ. எனக்கு விளங்கவில்லை. நீ கதை."

"ஹலோ, யாருங்க?" மலைநாட்டுக் குரல். பதினேழு வயதுக்குமேல் இராது. "ஐயா மாடியில இருக்காரு. அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. நான் வேலைக்கி வந்து ரெண்டு நாளுதாங்க ஆகுது."

ஸமீமாவின் கை என் தோளை இறுக்கியது.

"தங்கச்சி…" என்றேன்.

"கேக்கலங்க. இருங்க, பைப்ப மூடிட்டு வர்றேன்." வெறுங்காலால் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுவது நின்றது. ஓடித் திரும்பி வந்தாள், மூச்சிரைக்க.

"இப்ப நல்லா கேக்குது. சொல்லுங்க."