மூச்சின் மேல் பூசிய படலம்

ஆய்வுக்கூடத் தலைவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் கத்திரி. ஒரு பொருள் ஏன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதை இரண்டாக வெட்டிப் பார்ப்பார். அவர் கைக்குப் போன எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. அன்று காலை அவர் கண், அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த அவளுடைய எரிபொருள் கலத்தின் மேல் விழுந்தது.

"மத்ததெல்லாம் ஒரு மாசத்துல வாயைப் பொளந்துடுது. இது மட்டும் ஏம்மா சாகாம ஓடுது? வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும். சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். அவர் கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்தின் மேல்தான் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளங்கையில் அடங்கும் கலம் அது. ஒரு பக்கம் ஹைட்ரஜன் ஓடும். மறுபக்கம் அறைக் காற்றுக்குத் திறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து மின்சாரம் பிறக்கும். நடுவில் ஒரு தட்டு, அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். அதைப் பூசியவர் அவள் கணவர். அவர் கடைசியாகப் பூசியதும் அதுதான்.

படலம் பூசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டு சுத்தமா என்று பார்க்க அதன் மேல் ஊதுவார்கள். ஆவி ஒரே சீராகப் படிந்தால் சுத்தம், திட்டுத்திட்டாகப் படிந்தால் அழுக்கு. ஊதிய பிறகு சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். அவள் வீட்டு மனுஷனுக்கு அது பாதி நாள் மறந்துபோகும்.

"ஏங்க, உங்க மூச்சையும் சேர்த்துப் பூசி வைக்காதீங்க" என்று கத்துவாள்.

"இருக்கட்டுமே, கெட்டியா ஒட்டிக்கும்" என்று சிரிப்பார்.

தூக்கத்தில் அவர் மூச்சுக்குத் தனிக் கணக்கு. இரண்டு நீளமாக வரும், பிறகு நின்றுவிடும். அவள் முழங்கையால் விலாவில் ஓர் இடி இடித்தால்தான் மூன்றாவது வரும். கல்யாணம் ஆனதிலிருந்து பாதித் தூக்கத்தில் அவள் பார்த்த வேலை அது. ஒரு கருத்தரங்குக்காக அவள் வெளியூர் போயிருந்த அன்று, இடிக்க ஆள் இல்லை.

இப்போது அந்தக் கலத்தின் மின்னழுத்தக் கோடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும், திரையில் எழுந்து தாழ்ந்தது. இரண்டு நீள அலை, பிறகு அசைவில்லாத கோடு. மேசையை முழங்கையால் இடித்தால் அலை மறுபடி எழும். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தாள்.

"அது உங்க மூச்சுதான்கா" என்றாள் அந்தப் பெண். "முகத்தைக் கிட்டவே வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க. ஈரம் பட்டா வோல்டேஜ் ஆடத்தானே செய்யும்?"

அறிவுக்குப் பொருந்திய பேச்சு. தன் மூச்சுதான் என்றால் கலத்தைக் கொடுத்துவிடலாம். அவர் மூச்சு என்றால் எப்படிக் கத்திரியிடம் கொடுப்பது? சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கலத்தின் அருகில் உட்கார்ந்தாள். நன்றாக இழுத்து மூச்சை அடக்கினாள்.

கோடு எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்து, மறுபடி தாழ்ந்தது.

சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவர்தான். சந்தேகமே இல்லை, அவரேதான். அடுத்து கோடு அசைவற்று நின்றது. இடிக்க வேண்டிய நேரம். ஆனால் கை எழவில்லை. தானும் மூச்சு விட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் கண்ணுக்குத் திரை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போது அவளுடைய இடது விலாவில் ஒரு முழங்கை பலமாக இடித்தது. படுக்கையில் அவர் படுக்கும் பக்கம் அது.

"ஹக்" என்று மூச்சு திரும்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் பார்த்தாள். காலி நாற்காலியும் சுவரும்தான் இருந்தன. திரையைப் பார்த்தாள். ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது, கோடு மட்டும் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது.

"ஏங்க" என்றாள். மேசையை இடித்தாள். "ஏங்க, எந்திரிங்க." முழங்கை சிவக்கச் சிவக்க இடித்தாள். கோடு எழவே இல்லை.

கத்திரி பெட்டியோடு வந்தார். "ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"இல்ல சார். தானா நின்னுடுச்சு."

வாயுவை மூடிவிட்டு, கலத்தைப் பிரித்துப் படலம் பூசிய தட்டை எடுத்தாள். எதற்கென்று தெரியாமல் அதன் மேல் ஊதினாள். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தது. ஒரு திட்டுகூட இல்லை.

"எடுத்துக்குங்க சார். இனிமே அதுல ஒண்ணும் இல்ல."

கத்திரி போன பிறகும் விலாவைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நன்றாகக் கன்றியிருந்தது, தொட்டாலே வலித்தது. அந்த வலியும் போய்விடுமே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.