பி பிரிவுப் பிள்ளை

பிள்ளைகள் படித்ததை ஏன் மறக்கிறார்கள், மறக்காமலிருக்க வகுப்பில் என்ன செய்யலாம் என்பதுதான் என் தம்பியின் ஆராய்ச்சி. என் மகளின் பள்ளிக்கே அவன் அதைக் கொண்டுவந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மாமனே வந்துவிட்டான், இனி என்ன கவலை!

சீட்டுக் குலுக்கினார்கள். ஏ பிரிவுக்குப் புது முறை. பி பிரிவு வழக்கம்போலப் படிக்க வேண்டும். என் மகள் பி.

புது முறையைப் பற்றி யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாதாம். புண்ணியவான், அவனும் விடவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் எதிரில்தான் அவள் படிப்பாள். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் போட்டு, பக்கத்தில் வெள்ளை இடமே மிச்சமிருக்காது. "இன்னொரு தடவை வாசிடி" என்று நானும் உயிரை வாங்குவேன். அவன் பார்த்துக்கொண்டே டீ குடிப்பான்.

வருடக் கடைசிப் பரீட்சையில் அவளுக்கு உயிரியல் போய்விட்டது. முதல் தடவையிலேயே தேறியவர்களுக்குத்தான் நர்சிங் பள்ளியில் இடம். சிறு வயதிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான். அறைக்குள் போனவள் சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லை.

ஆராய்ச்சி முடிவு இருந்த லேப்டாப்போடு தம்பி வந்தான்.

"அப்படி என்னடா சொல்லிக்குடுத்தே அந்தப் பிள்ளைங்களுக்கு?"

"பெரிசா ஒண்ணுமில்லக்கா. வாசிச்சதும் புத்தகத்த மூடிட்டு, ஞாபகம் இருக்கறத எழுதணும். ரெண்டு நாள் விட்டு மறுபடியும். அவ்ளோதான்."

"மூடுன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா? இதே நாற்காலியிலதானேடா உக்காந்திருந்தே!"

"ஒருத்திக்குச் சொன்னாலும் ஆராய்ச்சி பாழாயிடும். இனிமே எத்தனை பிள்ளைங்களுக்கு இது..."

அவன் சொன்னது பொய்யாக இருந்தாலாவது நன்றாகத் திட்டியிருப்பேன்.

கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு அவள் வந்து நின்றாள்.

"காட்டுங்க மாமா."

திரையில் ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. மேலே ஏ பிரிவு, நீலம்; கீழே பி பிரிவு, சாம்பல்.

"இதுல நான் எது?"

"இதுல பேரெல்லாம் இருக்காதும்மா."

"உங்களுக்குத் தெரியும் மாமா."

அவன் விரல் எங்கும் தேடவில்லை. நேராகக் கீழே ஒரு சாம்பல் புள்ளியில் போய் நின்றது. பாவி, வருடம் முழுக்க அவளை அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக லேப்டாப்பை மூடினாள்.

"மூடிட்டேன் மாமா. இது மறக்காது."